கம்பெனிக்கு முன் வாடிக்கையாளர், கண்காட்சிக்கு முன் காப்புரிமை: மாணவத் தொழில்முனைவோர் கேள்வி–பதில்

புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் மாணவர்களிடமிருந்தும், அவர்களின் ஆசிரியர்கள், பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகளில் திறமைக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசையில்தான் குழப்பம் இருக்கிறது. அதனால் பதில்களில் வரிசையை அழுத்திச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர், மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தோட்டத்து மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் கருவி செய்திருக்கிறோம். ஈ.எஸ்.பி.32 போர்டு (கருவியை இயக்கும் சிறு கணினி), சிம் மாட்யூல், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மண் ஈர சென்சார், அவ்வளவுதான். லேபில் ஒரு மாதம் பிசகில்லாமல் ஓடியது. தோட்டத்தில் மாட்டியதும் மோட்டார் நிற்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. சிம் நெட்வொர்க் பிடிப்பதில்லை. மூன்றாவது வாரத்தில் சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது. புரோகிராமில் என்ன தவறு? (ஈரோடு மாவட்ட மாணவி)

பதில்: புரோகிராமை இப்போது தொடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். மூன்றுமே சர்க்யூட்டைச் சேர்ந்தவை.

முதலில் ரீசெட். லேபில் ரிலேயில் ஒரு பல்பை மாட்டிப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தில் அதே ரிலே, ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயிலை இயக்குகிறது. காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுபடும் நொடியில் அதில் தேங்கிய ஆற்றல் உயர் மின்னழுத்தத் துடிப்பாக வெளியே வரும். ரிலேயின் முனையில் பொறி பறக்கும், அந்த இரைச்சல் போர்டின் கம்பிகளில் ஏறி அதை ரீசெட் செய்துவிடும். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே, அந்த கான்டாக்டர் கம்பெனியே விற்கும் சர்ஜ் சப்ரஸரை (இந்தத் துடிப்பை அடக்கும் சாதனம்) மாட்டுங்கள். கடையில் கிடைக்கும் 275 வோல்ட் எக்ஸ்2 கெப்பாசிட்டரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். நம் ஊர்த் தோட்டத்து ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, அதாவது 415 வோல்ட்டில் இருக்கும், அதில் அந்தக் கெப்பாசிட்டர் வெடிக்கலாம். ரிலே போர்டுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். சென்சார் கம்பியையும் மோட்டார் கம்பியையும் ஒரே குழாயில் இழுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செய்யும் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும். பிரெட்போர்டு (கம்பிகளைச் செருகி மட்டும் வைக்கும் சோதனைப் போர்டு) ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போகவே கூடாது.

உங்கள் கருவி ரிலே வழியாகப் பழைய ஓவர்லோடு ரிலேயை (அதிக மின்சாரம் இழுத்தால் மோட்டாரை நிறுத்துவது) தாண்டி மோட்டாரை இயக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 எச்.பி. மோட்டார் சாதாரணமாக 7 ஆம்பியர் அளவில் இழுக்கும், நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல ஆறு மடங்கு வரை போகும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும், கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் மோட்டார் எரியும். ரீவைண்டிங் செலவு முழுதும் உங்கள் தலையில் விழும். ஃபேஸ் கண்காணிப்பும் டிரை ரன் பாதுகாப்பும் இல்லாத கருவியை அடுத்தவர் தோட்டத்தில் மாட்டாதீர்கள்.

அடுத்து சிம். நீங்கள் வைத்திருப்பது சிம்800எல் போன்ற 2ஜி மாட்யூலாக இருந்தால், ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம் அதில் எப்போதும் வேலை செய்யாது. வேறு சிம் போட்டாலும், தகவல் அனுப்பும் கணத்தில் அந்த மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஜம்பர் கம்பியில் அந்த நொடியே வோல்டேஜ் சரிந்து மாட்யூல் அணைந்துவிடும். தடித்த கம்பி போட்டு, மாட்யூலின் காலுக்கு அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 4ஜி மாட்யூலுக்கு மாறுவது நல்லது.

சென்சார் விஷயம்தான் உங்கள் தொழிலையே முடிவு செய்யும். இரண்டு கால் உள்ள ரெசிஸ்டிவ் சென்சாரில் மின்சாரம் ஓட ஓட, மின்னாற்பகுப்பு நடந்து பூச்சு கரைந்துபோகும். உரம் போட்ட மண்ணில் உப்பு அதிகம், இன்னும் வேகமாகக் கரையும். கெப்பாசிட்டிவ் வகைக்கு மாறுங்கள். அதிலும் வெட்டுப்பட்ட ஓரங்கள் வழியே போர்டு தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஓரம் முழுதும் எபாக்ஸி பூசி, மின்னணுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும்.

செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே அளவுகோல் ஒத்துவராது. அந்தந்தத் தோட்டத்து மண்ணையே எடுத்து, நன்கு காய்ந்த நிலையிலும், தண்ணீர் விட்டு ஒரு நாள் வடிந்த நிலையிலும் அளந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கரிசல் மண் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு சென்சாரை ஒட்டி விழுந்தால் நடுவில் காற்றுதான் இருக்கும், ஈரம் இருந்தும் காய்ந்ததாகவே காட்டும். வேர் இருக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு வயலுக்குக் குறைந்தது இரண்டு சென்சார் வையுங்கள். இரண்டும் முரண்பட்டால் மோட்டாரை ஓட்டாமல் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகட்டும்.

கேள்வி: எங்கள் கருவியைப் பார்த்த முப்பது விவசாயிகளும் "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். 4,000 ரூபாய் விலை சொன்னோம். ஒருவர்கூட வாங்கவில்லை. மின்சாரம் மிச்சம் என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. (திண்டுக்கல்)

பதில்: தமிழ்நாட்டில் விவசாய இலவச மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. கட்டணமே கட்டாதவரிடம் மின்சாரச் சிக்கனத்தை விற்க முடியாது. அவருக்கு வலிக்கும் இடம் வேறு. மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் எழுந்து, டார்ச்சோடு வரப்பில் நடந்து மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது. பாம்புப் பயம் ஒருபுறம், ஆள் கிடைக்காதது ஒருபுறம், மோட்டார் எரிந்தால் பயிர் வாடும் நாட்கள் இன்னொருபுறம். அதைக் கேட்டறிய "இந்தக் கருவி பிடிக்கிறதா?" என்ற கேள்வி உதவாது. எதிரே நிற்கும் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக மோட்டார் எப்போது எரிந்தது, எவ்வளவு செலவானது?", "நேற்று இரவு மோட்டார் போட யார் போனார்கள்?", "இதற்காக ஏற்கெனவே ஏதாவது வாங்கினீர்களா, அது இப்போது எங்கே கிடக்கிறது?" என்று நடந்ததைக் கேளுங்கள். பேச்சு முடிவில் 500 ரூபாய் முன்பணம் கேளுங்கள், ரசீதும் கொடுங்கள். முப்பது பாராட்டைவிட மூன்று முன்பணம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

விலையும் தவறு. நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, ஐம்பது கருவிக்கு மொத்தமாக வாங்கினால் உதிரிபாகம் 2,100 ரூபாய். அசெம்பிளி, சோதனை 300, பெட்டியும் போக்குவரத்தும் 150, வாரண்டிக்கு ஒதுக்க 150, ஓராண்டு சிம் கட்டணம் 600 சேர்த்தால் அடக்கம் 3,300 ஆகிறது. 4,000 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. போனால் மிச்சம் 3,390. பம்புசெட் கடைக்காரருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 2,712. ஒவ்வொரு கருவிக்கும் 588 ரூபாய் நஷ்டம், அதிகம் விற்றால் அதிக நஷ்டம். கருவிக்கு 900 ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் கடைக்காரரின் பங்கு போக உங்கள் கைக்கு 4,200 வர வேண்டும், அதற்கு வரிக்கு முந்தைய விலை 5,250, வாடிக்கையாளர் விலை ஏறக்குறைய 6,200. அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லையென்றால் குறைக்க வேண்டியது அடக்கத்தை. சிம் வேண்டாம், புளூடூத் போதும் என்பவர் எத்தனை பேர் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் இறுதியாண்டு புராஜெக்டைக் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப்போகிறோம். மாநாட்டில் கட்டுரையும் வாசிக்கச் சொல்கிறார்கள். காப்புரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? ஒரு நிறுவனம் சில ஆயிரம் ரூபாய்க்கு "பேட்டன்ட் பப்ளிஷ்" செய்து தருவதாகச் சொல்கிறது. (மதுரை)

பதில்: பிறகு என்று தள்ளினால் பெரும்பாலும் இல்லாமலே போகும். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது புதுமை இல்லை என்பதுதான் சட்டம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை உண்டு. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கும், அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கும்தான். கல்லூரிக் கண்காட்சி அதில் அடங்காது, யூடியூப் வீடியோவும் அடங்காது.

வழி எளிது. கண்காட்சிக்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) படிவம் 1, படிவம் 2 இரண்டையும் இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, நேரில் போகத் தேவையில்லை. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போக வேண்டும். அதற்கு மறுபடி தாக்கல் கட்டணம் கிடையாது. ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், எனவே பத்தாம் மாதத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஆய்வு செய்யச் சொல்லிப் படிவம் 18-ஐத் தனியாகக் கொடுக்க வேண்டும், தனிநபருக்கு 4,000 ரூபாய். முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது நீங்கள் முதலில் தாக்கல் செய்த நாளிலிருந்து, 31 மாதம் கெடு. இதைக் கொடுக்காமல் விட்டால் யாரும் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்கமாட்டார்கள். மாணவிகள் கவனிக்க: தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் படிவம் 18ஏ வழியாக விரைவு ஆய்வு கேட்கலாம், கட்டணம் 8,000.

தற்காலிக விவரக்குறிப்பு என்பதற்காக அரைப்பக்கம் எழுதிவிடாதீர்கள். அதில் இல்லாத ஒன்றை முழு விவரக்குறிப்பில் புதிதாகச் சேர்த்தால், அந்தப் பகுதிக்குப் பழைய தேதி கிடைக்காது. படம், அளவுகள், வேறு எப்படியெல்லாம் செய்யலாம் என்ற மாற்றுவழிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதும் முன் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்திலும் ஒரு வாரம் தேடுங்கள்.

சென்சார் ஒன்று, சிம் ஒன்று, செயலி ஒன்று, மூன்றையும் இணைத்தோம் என்ற அளவில் நிற்பவற்றுக்கு 3(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். தெரிந்த பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை அவை தம் வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. கணினி நிரல் மட்டும் என்றால் 3(கே). விவசாயம் செய்யும் முறை என்றால் 3(எச்). உங்கள் கருவியில் எந்தப் பகுதி எதிர்பாராத தொழில்நுட்பப் பலனைத் தருகிறது என்று ஒரு வரியில் சொல்ல வராவிட்டால், அந்த 1,600 ரூபாயைச் சென்சார் வாங்கச் செலவிடுங்கள்.

"பப்ளிஷ்" ஆவது காப்புரிமை கிடைப்பது அல்ல. எந்த விண்ணப்பமும் 18 மாதத்தில் தானாக வெளியாகும், படிவம் 9 கொடுத்தால் அதற்கு முன்பே வெளியாகும். தகுதியை யாரும் சோதிக்காத கட்டம் அது. பணம் வாங்கிக்கொண்டு கண்டுபிடிப்பாளர் பட்டியலில் பெயர் சேர்ப்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது பின்னாளில் முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேள்வி கேட்கும்போது உங்களையே திருப்பிக் குத்தும்.

கேள்வி: கல்லூரி லேபில் செய்தால் கண்டுபிடிப்பு கல்லூரிக்குத்தான் சொந்தம் என்கிறார்களே? (திருநெல்வேலி)

பதில்: முழுதாக அப்படி இல்லை. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போது கல்வி அமைச்சகம்) 2019-இல் வெளியிட்ட தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை இதற்கு வழிகாட்டுகிறது. கல்லூரியின் வசதியையோ நிதியையோ கணிசமாகப் பயன்படுத்தியிருந்தாலும், பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்திருந்தாலும், கண்டுபிடித்தவர்களும் கல்லூரியும் கூட்டாக உரிமையாளர்கள். கல்லூரி வசதி எதையும் தொடாமல், பாடத்திட்டத்துக்கு வெளியே செய்தது முழுக்க மாணவருக்கே. கல்லூரி இன்குபேஷன் (இடம், வசதி, வழிகாட்டுதல் தந்து புதிய நிறுவனத்தை வளர்ப்பது) தந்தால், அதற்கு ஈடாக நிறுவனத்தில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்கிறது அதே கொள்கை. 20, 30 என்று கேட்டால் இந்த எண்ணைக் காட்டுங்கள். ஆனால் இது வழிகாட்டுதல்தான். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்சிக்குழுவில் ஏற்றுக்கொண்ட வடிவம் வேறுபடும், எனவே உங்கள் கல்லூரியின் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்று பக்க எண் போட்ட நோட்டில் எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் வாராவாரம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். தகராறு வந்தால் பேசுவது அந்த நோட்டுதான்.

கேள்வி: நண்பர்கள் நால்வர். பிரைவேட் லிமிடெட் பதிவு செய்துவிட்டால்தான் மதிப்பார்கள் என்கிறார்கள். எப்போது பதிவு செய்யலாம்? (கோயம்புத்தூர்)

பதில்: யாராவது ஒருவர் பில் கேட்கும்போது, மானியம் கையெழுத்தாகும்போது, அல்லது முதலீடு வரும்போது. இந்த மூன்றில் ஒன்று நடக்கும் வரை வேண்டாம். சிறிய அளவில் விற்றுப் பார்க்க, ஒருவர் பெயரில் தனி உரிமையாளராக இருந்து உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்தாலே போதும். அது இலவசம், யாருக்கும் பணம் தர வேண்டாம். ஆனால் தனி உரிமையாளர் நிறுவனத்துக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டாண்மை ஆகியவற்றுக்கு உண்டு.

பதிவுப் பணி எளிது. ஸ்பைஸ் பிளஸ் என்ற இணையவழிக் கம்பெனிப் பதிவுப் படிவத்தில் பெயருக்கு 1,000 ரூபாய் கட்டினால் 20 நாள் ஒதுக்கி வைப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைக் கட்டணம், டிஜிட்டல் கையொப்பம், தொழில்முறைக் கட்டணம் தனி. சிக்கல் தொடங்குவது பதிவுக்குப் பிறகுதான். 180 நாளுக்குள் பங்குப் பணத்தைக் கம்பெனி வங்கிக் கணக்கில் போட்டு ஐ.என்.சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனியாக. முதல் தணிக்கையாளரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும். விற்பனை பூஜ்யமாக இருந்தாலும் ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் போக வேண்டும். தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டு படிவமும் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டு தகுதி இழப்பார்கள். வேலைக்குப் போய், கம்பெனியை மறந்த மாணவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். மூடுவதற்கான விண்ணப்பத்துக்கே 10,000 ரூபாய் கட்டணம், அதுவும் நிலுவைகளைத் தீர்த்த பிறகுதான்.

நால்வரும் ஆளுக்கு 25 சதவீதம் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். அடுத்த மாதமே கேம்பஸில் ஒருவருக்கு வேலை கிடைத்துப் போவார். பங்கு மட்டும் அவரிடமே இருக்கும். மீதி மூவர் பத்தாண்டு உழைத்தாலும் கால் பங்கு அவருடையது. இதைத் தடுக்க நிறுவனர் ஒப்பந்தத்தில் வெஸ்டிங் (உழைத்த காலத்துக்கு ஏற்பப் பங்கு சொந்தமாவது) எழுதுங்கள்: நான்கு ஆண்டு, முதல் ஓராண்டு முடியுமுன் போனால் ஒன்றும் இல்லை, பிறகு மாதாமாதம் சேரும். 10,000 பங்கில் 2,500 வைத்திருந்தவர் 18-ஆம் மாதம் விலகினால், 48-இல் 18 மாதக் கணக்கில் 937 பங்கு அவருக்கு, 1,563 பங்கை முகமதிப்புக்கே மற்றவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரமும் அதோடு சேரட்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கசந்த பிறகு யாரும் போடமாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் இருவர் நடத்தும் கம்பெனியில் உறவினர் ஒருவர் 5 லட்சம் தந்து 40 சதவீதப் பங்கு கேட்கிறார். வேறு பணம் இல்லை. (சென்னை)

பதில்: 5 லட்சத்துக்கு 40 சதவீதம் என்றால் கம்பெனியின் மொத்த மதிப்பே 12.5 லட்சம். நிறுவனர் இருவருக்கும் தலைக்கு 30. அடுத்தடுத்து இரண்டு சுற்றில் 20, 20 சதவீதம் புதிய முதலீட்டாளருக்குப் போனால் இருவரும் சேர்ந்து 38.4 சதவீதத்துக்கு இறங்கிவிடுவீர்கள். உழைப்பவர்களிடம் இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்த்து அந்த முதலீட்டாளர்களே ஒதுங்குவார்கள். இன்னொன்று, சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 25-க்கு மேல் வைத்திருப்பவர் தனியாகவே அதைத் தடுக்கலாம். புதியவருக்குப் பங்கு ஒதுக்கவே சிறப்புத் தீர்மானம் தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

பணம் எப்படி உள்ளே வருகிறது என்பதும் முக்கியம். இயக்குநரோ, இயக்குநரின் உறவினரோ கடனாகத் தரலாம், அது கடன் வாங்கித் தந்த பணம் அல்ல என்று எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். ஆனால் இங்கே 'உறவினர்' என்பது சட்டம் பட்டியலிட்டவர்கள் மட்டுமே: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தோர், ஒரே இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். கூட்டுக் குடும்பத்தில் சேராத சித்தப்பாவும் மாமாவும் அதில் இல்லை! அவர்களிடம் கடன் வாங்கினால் அது அனுமதியில்லாத வைப்புத்தொகை ஆகிவிடும். பங்குக்காக வாங்கிய பணத்துக்கு 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். "பணத்தை முதலில் போட்டுவிடுகிறேன், பேப்பர் பிறகு" என்பதை அன்போடு மறுத்துவிடுங்கள்.

கேள்வி: அரசு மானியம் என்னென்ன இருக்கிறது? (தஞ்சாவூர்)

பதில்: கட்டத்தைப் பொறுத்தது. தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளின் முதல் மாதிரிக்கு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் 10 லட்சம் வரை தருகிறது, வெறும் மென்பொருளுக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புத்தாக்க வவுச்சர் தருகிறது: ஏ பிரிவில் 2 லட்சம், பி பிரிவில் 5 லட்சம் வரை. சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் ஐடியா ஹேக்கத்தானில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை, கல்லூரி போன்ற ஒரு ஹோஸ்ட் நிறுவனம் வழியாக. உயிரித் தொழில்நுட்பம், மருத்துவக் கருவி என்றால் பைராக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பிக் மானியம் 50 லட்சம் வரை, 18 மாதத்துக்கு. கம்பெனி ஆன பிறகு, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் தொடக்க நிதி, அதில் பணத்துக்கு ஈடாகச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப், திருச்சியில் டிரெக்ஸ்டெப், பெருந்துறையில் கொங்கு கல்லூரியின் இன்குபேட்டர், சென்னையில் ஐ.ஐ.டி.யின் இன்குபேஷன் செல் போன்ற இடங்களில் எந்தத் திட்டத்துக்கு இப்போது அழைப்பு திறந்திருக்கிறது என்று நேரில் கேளுங்கள்.

மானியம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குச் செலவுச் சான்று கொடுத்தால்தான் அடுத்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிட்சி தெருவில் பில் இல்லாமல் வாங்கிய பொருளைக் கணக்கில் காட்ட முடியாது. முதல் நாளே தனி வங்கிக் கணக்கு திறந்து, எல்லாப் பில்லையும் ஒரே பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்குங்கள். நிறுவனர் சம்பளத்துக்குப் பெரும்பாலான மாதிரி மானியங்களில் இடமில்லை, ஆகவே அடுத்த ஒன்றரை ஆண்டு வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் கடைசி ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் செய்கிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. (சேலத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, நிறுத்துவதற்கும் இடைவெளி எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். மேலே சொன்ன 2019 கொள்கையே ஸ்டார்ட்அப்புக்காக ஒரு செமஸ்டரோ ஓராண்டோ இடைவெளி எடுக்க வழி சொல்கிறது, வருகைப்பதிவில் தளர்வும் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்கி, திரும்பிச் சேரும் விதியைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வைக்கட்டும். கல்விக் கடன் இருந்தால் இடைவெளியால் தவணை முன்னதாகத் தொடங்குமா என்று வங்கியில் கேட்பது அவசியம். மகனிடம் ஒன்று கேளுங்கள்: பணம் கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை என்றால் அந்தக் கடைசி ஆண்டு புராஜெக்டையே இந்தத் தொழிலாக எடுத்துச் செய்யட்டும். கொள்கை அதையும் அனுமதிக்கிறது, மதிப்பெண்ணும் வரும். வாங்குபவர் வரிசையில் நின்று, இவன் செய்து கொடுக்க நேரமில்லாமல் தவிக்கிறான் என்றால் அந்த ஆறு மாதத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் நான். எட்டாம் வகுப்பு மாணவியிடம் நல்ல யோசனை இருக்கிறது. (விழுப்புரம்)

பதில்: பள்ளி மாணவர்களின் யோசனைகளுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் பள்ளி வழியாகப் பதியுங்கள். தேர்வானால் மாணவியின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வரும். கணக்கில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எழுதும்போது மாணவியின் சொல்லையே விட்டுவிடுங்கள். யார் வீட்டில், எந்த வேலையில், எந்தச் சிரமத்தைப் பார்த்து இது தோன்றியது என்று அவள் எழுதினால் போதும். நீங்கள் அழகுபடுத்தினால் இணையத்தில் எடுத்ததுபோல ஆகிவிடும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மாணவர் புத்தாக்க லேபுக்கு 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய 3டி பிரின்டர் ஒன்று வாங்கலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம். (நாமக்கல், உதவிப் பேராசிரியர்)

பதில்: ஒரே பெரிய இயந்திரம் வேண்டாம். அது பழுதானால் லேபே மூடிக்கிடக்கும். சால்டரிங் ஸ்டேஷன் நான்கு ஏறக்குறைய 14,000, 30 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை மூன்று 18,000, இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப் ஒன்று 30,000, மல்டிமீட்டர் ஆறு 7,200, சாதாரண 3டி பிரின்டர் ஒன்று 30,000, டிரில்லும் கைக்கருவிகளும் தீயணைப்பானும் 15,000. சுமார் 1,15,000 ஆகும். மிச்சம் 85,000 ரூபாயை அணிக்கு 5,000 வீதம் 17 அணிக்கு உதிரிபாக நிதியாக வையுங்கள்.

அந்த 5,000 மூன்று நாளில் மாணவர் கைக்கு வர வேண்டும். 180 ரூபாய் சென்சாருக்கு மூன்று கொட்டேஷன், துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று ஆறு வாரம் போனால் செமஸ்டர் முடிந்துவிடும், ஆர்வமும் வடிந்துவிடும். நிர்வாகத்திடம் முன்பணமாக வாங்கி, ஓர் ஆசிரியர் பொறுப்பில் ரொக்கப் பதிவேட்டோடு கொடுங்கள். எந்தப் போர்டும் முதல் தடவையில் சரியாக வராது, எனவே பி.சி.பி. (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆர்டர் இரண்டு முறைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

பிரின்டருக்கு பி.எல்.ஏ. இழை மட்டும் வாங்காதீர்கள். அது 60 டிகிரி வெப்பத்தை ஒட்டி இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அந்த வெப்பத்தைத் தொடும், வயலில் வைத்த கருவியின் மூடி வளைந்து தண்ணீர் இறங்கும். வெளியே வைக்கும் பெட்டிகளுக்கு பி.இ.டி.ஜி. இழை எடுங்கள். இழைச் சுருள்களைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரம் ஏறினால் பிரின்ட் பொரிந்து வரும். லேபின் சாவியை மாலை 4.30-க்குப் பூட்டி எடுத்துப்போக வேண்டாம். வகுப்பு முடிந்த பிறகுதான் மாணவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. இரவு 8 மணி வரை திறந்து வைக்க இரண்டு மூத்த மாணவர்களுக்குப் பொறுப்பு கொடுத்து, மாதம் ஒரு சிறு தொகையும் கொடுங்கள்.